டிசம்பரில் பிறந்த பையன்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பள்ளிச் சேர்க்கைக்கான வயதைக் கணக்கிடும் கடைசி நாள் டிசம்பர் 31. அன்றிரவு பதினொன்றரைக்குப் பிறந்த குழந்தை இந்த ஆண்டுக் கணக்கில் பள்ளிக்குப் போகும். ஒரு மணி நேரம் தாமதித்துப் பிறந்தது அடுத்த ஆண்டுதான் போகும். ஆகவே, ஜனவரியில் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். இருவருக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு வயது. ஐம்பது வயதுக்காரருக்கு ஒரு வயது ஒரு பொருட்டே அல்ல. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வாழ்ந்த வாழ்வில் ஆறில் ஒரு பங்கு.

1997 முதல் 2008 வரை அந்த மாகாணத்தில் 6 முதல் 12 வயதுக்குள் இருந்த 9,37,943 குழந்தைகளின் பதிவுகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். முடிவு 2012இல் வெளியானது. ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு – மிகையியக்கக் குறைபாடு இருப்பதாக முத்திரை பெற்றவர்களில், ஜனவரிப் பையன்களைவிட டிசம்பர்ப் பையன்கள் 30 சதவீதம் அதிகம். பெண் பிள்ளைகளிடையே இந்த வேறுபாடு 70 சதவீதம். மருந்து எழுதித் தரப்பட்டதில் பையன்களிடையே 41 சதவீதமும் பெண்களிடையே 77 சதவீதமும் கூடுதல்.

பிறந்த மாதம் மூளையைக் கெடுப்பதில்லை. நடந்தது எளிமையானது: வகுப்பிலேயே இளைய பிள்ளை, வயதுக்கேற்றபடி நெளிந்தது, எழுந்து ஓடியது, சொன்னதை மறந்தது. ஆசிரியர் அதை ஒரு வயது மூத்த பிள்ளையோடு ஒப்பிட்டார். அந்த ஒப்பீடு மருத்துவரின் மேசைக்குப் போனது.

கனடாவோடு இது நிற்கவில்லை. செப்டம்பர் 1ஐ வயதுக் கோடாக வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு ஏடிஹெச்டி முத்திரை விழுவது செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகம் என்று 2018இல் வந்த ஆய்வு சொன்னது. ஐஸ்லாந்திலும் தைவானிலும் இதே போக்கு. டென்மார்க்கிலோ இந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. அங்கே பிள்ளை இன்னும் பள்ளிக்குத் தயாராகவில்லை என்று பெற்றோர் நினைத்தால் ஓராண்டு நிறுத்தி அனுப்பலாம். வயதில் இளைய பிள்ளைகள் பலரை அப்படித்தான் நிறுத்துகிறார்கள். ஒரு நாட்டின் சேர்க்கை விதி, இன்னொரு நாட்டில் நோய்க்கணக்காகத் தோன்றும் ஒன்றை இல்லாமல் செய்துவிடுகிறது.

ஏடிஹெச்டிக்கும் ஆட்டிசத்துக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து உறுதி செய்யவும் முடியாது. குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பெரியவர்கள் சொல்வதும், மருத்துவர் நேரில் பார்ப்பதும்தான் சான்று. அந்தச் சான்றை எடைபோடும் தராசு நாட்டுக்கு நாடு மாறிவந்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டின்படி கவனக்குறைவு மட்டும் இருந்தாலே போதும். ஐரோப்பாவில் பெரிதும் பின்பற்றப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி–10 பட்டியலோ கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றது. ஆகவே நியூயார்க்கில் குறைபாடு உள்ளவனாகக் கணக்கில் சேரும் சிறுவன், லண்டனுக்குக் குடிபெயர்ந்தால் கணக்கிலிருந்து விழுந்துவிடக்கூடிய நிலை இருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி–11தான் இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்தது.

சரி, தராசை ஒன்றாக்கினால் போதுமா? பிடிக்கும் கைகள் வேறுவேறாக இருக்கின்றனவே. 1992இல் வெளியான ஓர் ஆய்வில் எட்டு வயதுச் சிறுவர்கள் நால்வரின் வீடியோப் பதிவுகளை அமெரிக்கா, ஜப்பான், சீனா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் மனநல நிபுணர்களிடம் காட்டினார்கள். பார்த்தது அதே சிறுவர்களை, அதே நிமிடங்களை. மதிப்பெண் போட்டதும் ஒரே படிவத்தில். ஆனால் சீன, இந்தோனேசிய நிபுணர்கள் அந்தச் சிறுவர்களின் துறுதுறுப்புக்கும் அடங்காமைக்கும் மற்ற இரு நாட்டாரைவிடத் தெளிவாகவே அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். பிள்ளை அடங்கி உட்கார வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கே அதிகமோ, அங்கே அதே அசைவு பெரிதாகத் தெரிந்தது.

இதைவிடவும் மனத்தை உறுத்தும் ஆய்வு ஒன்று அதற்கு அடுத்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆசிய வம்சாவளிச் சிறுவர்களும் ஆங்கிலேயச் சிறுவர்களும் சேர்ந்து படித்த பள்ளிகளில், ஆசிரியர்கள் மிகையியக்கம் உள்ளவர்கள் என்று குறித்த பிள்ளைகளின் அசைவை ஆய்வாளர்கள் கருவி வைத்து அளந்தார்கள். ஆசிரியர்களால் ‘மிகையியக்கம்’ என்று குறிக்கப்பட்ட ஆசியப் பிள்ளைகள், ‘இயல்பு’ என்று குறிக்கப்பட்ட ஆங்கிலேயப் பிள்ளைகளின் அளவுக்குத்தான் அசைந்திருந்தார்கள். ஆசியப் பிள்ளை என்றால் அமைதியாக இருக்கும் என்ற முன்முடிவு ஆசிரியரின் மனத்தில் இருந்தது. அந்த முன்முடிவை மீறிய குழந்தை, மருத்துவக் காகிதத்துக்குப் போகும் அபாயத்தில் இருந்தது.

இத்தகைய ஆய்வுகளைப் படிப்பவர்களில் சிலர் அவசரப்பட்டு ஒரு முடிவுக்குப் பாய்ந்துவிடுகிறார்கள்: இதெல்லாம் கட்டுக்கதை, மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்டது என்று. பத்தாண்டுகளுக்கு முன் ‘பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஏடிஹெச்டி கிடையாது’ என்ற வாதம் உலகம் முழுக்கப் பரவியது. அது தவறு. பிரான்சிலேயே நடத்தப்பட்டு 2011இல் வெளியான கணக்கெடுப்பு 3.5 முதல் 5.6 சதவீதம் குழந்தைகளிடம் அந்தக் குறைபாட்டைக் கண்டது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் கணக்கிட்ட சராசரி 5.29 சதவீதம். நாடுகளுக்கிடையே தெரியும் ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதி, எந்தக் கையேடு, யாரிடம் கேட்டார்கள், பாதிப்பு இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்களா என்பவற்றால் வந்தது என்றும் அதே தொகுப்பு சொன்னது. பிரான்சில் குறைவாக இருந்தவை முத்திரையும் மருந்தும்தான். ஏடிஹெச்டிக்கான மீதைல்பெனிடேட் மருந்தை முதல்முறை எழுதித்தரும் உரிமை அங்கே 2021 வரை மருத்துவமனை நிபுணர்களிடம் மட்டுமே இருந்தது.

ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த வேறுபாடு எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினாவும் கலிபோர்னியாவும் சாட்சி. 2007ஆம் ஆண்டு வாக்கில் முதல் மாநிலத்தில் ஏடிஹெச்டி முத்திரை பெற்ற குழந்தைகள் 15 சதவீதத்துக்கு மேல். இரண்டாவதில் ஆறு சதவீதத்தை ஒட்டி. ஸ்டீபன் ஹின்ஷா, ரிச்சர்ட் ஷெஃப்லர் என்ற இரு பேராசிரியர்கள் இந்தப் புதிரைத் துருவினார்கள். காற்றையும் உணவையும் மரபையும் தாண்டி அவர்கள் வந்து நின்ற இடம் பள்ளிக்கூடம். தேர்ச்சி விகிதம் குறைந்தால் பள்ளிக்குத் தண்டனை என்ற சட்டம் எந்த மாநிலங்களுக்குப் புதிதாக வந்ததோ, அங்கே ஏழைக் குழந்தைகளிடையே முத்திரைகள் வேகமாகக் கூடியிருந்தன. தேர்வு முடிவே பள்ளியின் மானம் என்று வாழும் தமிழ்நாட்டுக்கு இந்தச் செய்தி அந்நியமாக இருக்க முடியாது.

ஆட்டிசத்தின் கதை இதைவிடச் சிக்கலானது.

2025 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே எட்டு வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். 2000ஆம் ஆண்டுக் கணக்கில் அது 150க்கு ஒன்று. இந்த இரு எண்களை அருகருகே வைத்து ஒரு கொள்ளைநோயைக் கற்பனை செய்வது எளிது. ஆனால் அதே 2025 அறிக்கையின் உள்ளே புகுந்தால், கலிபோர்னியாவின் கண்காணிப்புப் பகுதியில் ஆயிரத்துக்கு 53.1 பேர், டெக்சாஸின் லரேடோவில் ஆயிரத்துக்கு 9.7 பேர். ஐந்து மடங்கு வேறுபாடு. கலிபோர்னியாப் பகுதியில் குழந்தை மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சிறு வயதிலேயே தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. தேடுகிற இடத்தில் கிடைக்கிறார்கள்.

உயர்வுக்குச் சட்டமும் ஒரு காரணம். 1990இல் அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டம் ஆட்டிசத்தைத் தனிப்பிரிவாகச் சேர்த்தது. அதுவரை ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற பட்டியலில் இருந்த பல பிள்ளைகள் ஆட்டிசம் பட்டியலுக்கு நகர்ந்தார்கள். கலிபோர்னியாவின் உயர்வில் ஏறத்தாழ கால் பங்கு இப்படிப் பெயர் மாறியதால் வந்தது என்று சமூகவியலாளர் பீட்டர் பியர்மன் குழுவினர் கணக்கிட்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையின் வீட்டுக்கு மிக அருகில் வசிக்கும் குழந்தைக்கு அந்த முத்திரை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும் அதே குழுவே கண்டது. ஆட்டிசம் தொற்றுவதில்லை. பூங்காவில் பேசிக்கொள்ளும் தாய்மார்களிடையே எந்த டாக்டரிடம் போவது, எந்தப் படிவம் வாங்குவது என்ற அறிவு பரவுகிறது. தடுப்பூசிமேல் பழிபோடுகிறவர்கள் ஜப்பானின் யோகோஹாமாவைப் பார்க்கலாம்: அங்கே எம்எம்ஆர் தடுப்பூசி 1993இல் நின்றுபோனது, ஆட்டிசக் கணக்கு அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

தென்கொரியாவில் நிலைமை தலைகீழ். பிள்ளைகள் இருந்தார்கள், கணக்கில் இல்லை. சியோலை அடுத்த கோயாங் நகரில் 7 முதல் 12 வயது வரையிலான 55,266 குழந்தைகளை இலக்காக வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குழந்தை மனநல மருத்துவர் யங் ஷின் கிம் தலைமை தாங்கினார். மானிடவியலாளர் ராய் ரிச்சர்ட் கிரிங்கர் உடன் இருந்தார். ஆய்வாளர்கள் மருத்துவமனைப் பதிவுகளோடு நிற்காமல் சாதாரணப் பள்ளிகளுக்குள் போய்த் தேடினார்கள். 2011இல் வந்த முடிவு உலகையே நிமிர்ந்து உட்கார வைத்தது: 2.64 சதவீதம், அதாவது 38 பேருக்கு ஒருவர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சாதாரண வகுப்புகளில், எந்த முத்திரையும் உதவியும் இல்லாமல் படித்துக்கொண்டிருந்தவர்கள். கொரியப் பள்ளி நாள் நீளமானது, ஒழுங்கு மிக்கது, மனப்பாடத்துக்கு மதிப்பளிப்பது. அந்தச் சட்டகத்துக்குள் அவர்கள் எப்படியோ ஒட்டிக்கொண்டு நாட்களைக் கடத்தினார்கள்.

ஏன் யாரும் கண்டறியவில்லை? கிரிங்கர் பதிவு செய்திருக்கும் காரணம் படிப்பவர் நெஞ்சை அறுக்கும். ஆட்டிசம் மரபோடு தொடர்புடையது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்தால் அக்காவுக்கும் அண்ணனுக்கும் வரன் அமையாது; குடும்பத்தின் பெயர் போகும். ஆகவே கொரியத் தாய்மார்கள் பலர் வேறொரு பெயரை விரும்பினார்கள். தாயின் அரவணைப்புப் போதாமல் குழந்தைக்கு வரும் பற்றுறவுக் கோளாறு என்பது அந்தப் பெயர். அந்தப் பெயரில் குற்றவாளி ஒருத்திதான், தாய். குடும்பம் தப்பித்துவிடும். தன்னைக் கெட்ட தாய் என்று ஊர் சொல்லட்டும், மற்ற பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று அவர்கள் பழியைத் தாங்களே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

இதே பழியை இறக்கி வைக்க அமெரிக்கத் தாய்மார்கள் இரண்டு தலைமுறை போராடியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1943இல் பால்டிமோரில் மனநல மருத்துவர் லியோ கன்னர் பதினொரு குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்துக்கு மருத்துவத்தில் இடம் தேடித் தந்தார். அதன் பின் வந்த ஆண்டுகளில் ‘பாசமற்ற, குளிர்ந்த பெற்றோர்’ என்ற விளக்கம் வேரூன்றியது. புருனோ பெட்டல்ஹைம் அதை 1967இல் புத்தகமாகவே எழுதிப் பரப்பினார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இலேயே இது உடல்சார்ந்த காரணங்களால் வருவது என்று மறுத்து எழுதினார். அந்த மறுப்பு வெல்லக் காலம் பிடித்தது. பிரான்சில் இன்னும் நீண்ட காலம் பிடித்தது. அங்கே உளப்பகுப்பாய்வு மரபின் செல்வாக்கில் பல பிள்ளைகளுக்குக் ‘குழந்தைப் பருவ மனப்பிறழ்வு’ என்ற பெயரே தொடர்ந்தது. கல்வி கிடைக்காத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பங்கள் எல்லை தாண்டி பெல்ஜியத்துக்குப் போயின. உளப்பகுப்பாய்வு முறைக்கு ஆட்டிசத்தில் பலன் நிறுவப்படவில்லை என்று பிரான்சின் உயர் சுகாதார ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது 2012இல்தான்.

பெயர் வைப்பதற்குள்ளும் ஒரு நாட்டின் மனம் இருக்கிறது. 1911இல் மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து எடுத்தார். அப்போது அது மனச்சிதைவின் ஓர் அறிகுறிக்கான பெயர். ஜப்பானியரும் கொரியரும் அதைத் ‘தன்னை மூடிக்கொள்ளுதல்’ என்று எழுதுகிறார்கள். சீனத்தில் ‘தனிமை நோய்’ என்றும் ஒரு வழக்கு உண்டு. நியூசிலாந்தில் மாவோரி மொழி அறிஞர் கேரி ஓபாய் 2017இல் ‘டக்கிவாட்டங்கா’ என்ற சொல்லை வழங்கினார்: தனக்குரிய காலத்திலும் வெளியிலும் இருத்தல் என்பது அதன் பொருள். ஏடிஹெச்டிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கவனம் பல பொருள்களை நோக்கிப் போவது’ என்று சொல்கிறது. தமிழ்நாட்டு அரசின் ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்’ என்ற தொடர் வழங்கிவருகிறது. வெளியுலகை அந்தப் பிள்ளைகள் சில நேரம் நம்மைவிடக் கூர்மையாக உணர்கிறார்கள்: மின்விசிறியின் ஓசை, சட்டையின் லேபிள், குழல்விளக்கின் துடிப்பு. அவர்களைச் சிந்தனையற்றவர் என்று ஒரு சான்றிதழில் எழுதுவது தவறு. அந்தத் தொடரை மாற்ற வேண்டும்.

கண்டறியும் முறைகளுக்குள்ளும் ஒரு நாட்டின் மனம் இருக்கிறது. ஆட்டிசத்தைக் கண்டறிய உலகெங்கும் மதிக்கப்படும் ஏடிஓஎஸ் என்ற நேரடிப் பரிசோதனையில் ஒரு பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். விளையாட்டு மாவில் கேக் செய்து, மெழுகுவத்தி குத்தி, குழந்தை ஊதுகிறதா, பொம்மைக்கு ஊட்டுகிறதா, மகிழ்ச்சியைப் பகிர்கிறதா என்று பார்ப்பார்கள். கேக்கையே பார்த்திராத கிராமத்துக் குழந்தை திகைத்து நின்றால் அது ஆட்டிசமா, அறியாமையா? பெரியவர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட பிள்ளை தலையைக் குனிந்தால் அதற்கு எத்தனை மதிப்பெண்?

இந்தச் சிக்கலை மிகத் தெளிவாகக் காட்டியது இலங்கை. கொழும்பை ஒட்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதக் குழந்தைகள் 374 பேரிடம், அமெரிக்காவில் உருவான எம்–சாட் வினாத்தாளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் உடன் பணியாற்றியவர்களும். மருத்துவர்கள் நேரில் பரிசோதித்தபோது 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆட்டிசம் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் வினாத்தாள் பிடித்தது நான்கில் ஒரு பங்கை மட்டுமே. தாய்மார்கள் பொய் சொல்லவில்லை. கேள்வி அவர்கள் குழந்தையைப் பார்க்கும் விதத்தோடு பொருந்தவில்லை. அதற்குப் பிறகு பெரேரா குழுவினர் வேறு வழியில் போனார்கள். ஆட்டிசம் உள்ள இலங்கைக் குழந்தைகளின் பெற்றோர் தங்கள் வாயால் விவரித்தவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் படம் சேர்த்து, ஒரு படவழிப் பட்டியல் உருவாக்கினார்கள். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து ‘ஆமாம், இவனும் இப்படித்தான்’ என்று தாய் சொன்னால் போதும். அந்தப் பட்டியல் பழைய வினாத்தாளைவிட மிக அதிகமான பிள்ளைகளைச் சரியாக அடையாளம் கண்டது. பெரிய பணமோ கருவியோ இல்லாமல் செய்த வேலை இது. தென்னாசியாவில் இந்தத் துறையில் நடந்த மிகச் சிறந்த காரியங்களுள் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்தியாவும் சும்மா இருந்துவிடவில்லை. 40 கேள்விகள் கொண்ட ஐஎஸ்ஏஏ என்ற சொந்த அளவுகோல் இங்கே உண்டு. அதில் 70க்குக் குறையாமல் வந்தால்தான் ஆட்டிசம். ஐந்து பகுதிகளில் 3,964 குழந்தைகளைப் பரிசோதித்து 2018இல் வந்த ஆய்வு, ஏறத்தாழ நூறில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று சொன்னது. உலக ஆய்வுகளின் நடுமதிப்பும் அதுதான். ஆகவே ‘அதெல்லாம் வெளிநாட்டு வியாதி’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் சட்டத்தில் ஒரு முரண் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கண்டறிய வேண்டியவற்றின் பட்டியலில் ஆட்டிசத்தோடு ஏடிஹெச்டியையும் சேர்த்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஹெச்டி இல்லை. ஒரு கை கண்டுபிடிக்கிறது. மறு கையில் கொடுக்க ஒன்றும் இல்லை.

தமிழ் வீடுகளில் முட்டுக்கட்டை வேறு உருவத்தில் வருகிறது. ‘ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்’, ‘இவன் அப்பாவும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான்’ என்று பாட்டிமார் சொல்லும் ஆறுதலில் இரண்டு வருடம் போய்விடும். அந்த இரண்டு வருடம் பேச்சுப் பயிற்சிக்கும் விளையாட்டுவழிப் பயிற்சிக்கும் பொன்னான காலம். மறுபக்கம், துறுதுறுப்பான பிள்ளையைப் பள்ளி பொறுக்க மாட்டேன் என்கிறது. எல்கேஜியிலேயே டாக்டரைப் பார்க்கச் சொல்லி டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். பள்ளியில் இடம் வேண்டி வயதைக் கூட்டிப் பிறந்த தேதியை எழுதிவைத்த வழக்கமும் இந்த ஊரில் இருந்ததுதான். வகுப்பின் கடைக்குட்டி யார் என்பதைப் பதிவேட்டை வைத்து மட்டும் இங்கே சொல்லிவிட முடியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை உட்கார மாட்டேன் என்கிறது என்று பெற்றோரை அழைக்கும் முன் அதன் உண்மையான பிறந்த மாதத்தைக் கேளுங்கள். அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: ஒரு வயது முடிந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதிலும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாத குழந்தை வீட்டில் இருந்தால், அடுத்த பிறந்தநாள் வரை காத்திருக்காதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளோடு இணைந்து தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இயங்குகின்றன. அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.